பதினாறு வாரம் அழாத பிள்ளை

ஜூலை 8, திங்கள்

திருச்சி. விடுதியில் மூன்றாம் எண் அறை. இரண்டு கட்டில், ஒரு மேசை, சுற்றாத காற்றாடி. கூட இருப்பவள் ஜெபமலர், பத்தொன்பது வயது, மணப்பாறைக்காரி. நான் உள்ளே நுழைந்ததும் எழுந்து நின்று, "குட் ஈவினிங் மிஸ்" என்றாள். நானும் படிக்க வந்தவள்தான் என்றதும் சிரிப்பை அடக்க முடியாமல் குளியலறைக்குள் ஓடிவிட்டாள். இருபத்தெட்டு வயதில் படிக்க வந்தால் இதுதான் மரியாதை.

காலையில் நான் பஸ் ஏறியதை சஷ்மிதா பார்க்கவில்லை. வேலுத்தாய் அக்கா அவளைக் கொல்லைப்பக்கம் கோழிக்குஞ்சு காட்டத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். நாங்கள் இருவரும் முந்தின நாளே பேசி வைத்த ஏற்பாடு. மூன்று வயதுப் பிள்ளையிடம் போய்வருகிறேன் என்று சொன்னால் என்ன புரியப்போகிறது?

ஒரே ஒரு வருஷம். மழலையர் கல்விப் பட்டயம் கையில் வந்தால் இந்தக் கல்லூரியோடு சேர்ந்த நர்சரியிலேயே வேலை கிடைக்கும் என்கிறார்கள். அங்கே வேலை பார்ப்பவர்களின் பிள்ளைக்கு இடமும் உண்டு. சஷ்மியைக் கூட்டி வந்து என் கண் முன்னாலேயே வைத்துக்கொள்வேன். அவள் அப்பா திருப்பூரில் வேறொருத்தியோடு குடித்தனம் நடத்துகிறார். அவருடைய அண்ணன் வீட்டில், அண்ணன் பெண்டாட்டி ஊற்றுகிற கஞ்சியைக் குடித்துக்கொண்டு நான் எத்தனை காலம் உட்கார்ந்திருப்பது? வேலுத்தாய் அக்கா ஒரு நாள்கூட முகம் சுளித்ததில்லை. எனக்கு எரிச்சலே அதில்தான்.

ஜூலை 19, வெள்ளி

இன்று முயலாக இருந்தேன். நேற்று ரயில்பெட்டி. நாற்பது பெண்கள் வரிசையாகக் கைகளைக் காதுக்கு மேல் தூக்கிக்கொண்டு துள்ளினோம். துள்ளும்போது சேலை தடுக்கி விழுந்தவள் நான் ஒருத்திதான். மற்றவர்கள் எல்லாம் சுடிதார்.

குழந்தை வளர்ச்சிப் பாடம் எடுப்பது சகாயராணி மிஸ். முட்டிவலிக்காரர், உட்கார்ந்தபடியே பாடம் நடத்துவார். மேசை இழுப்பறையில் முறுக்கு வைத்திருக்கிறார். "அழுற பிள்ளைக்குப் பயப்படாதீங்க. அழாத பிள்ளையப் பாத்தாத்தான் பயப்படணும்" என்றார். எல்லோரும் எழுதிக்கொண்டோம். நானும் எழுதிக்கொண்டேன்.

எனக்கு விடுதிச் சலுகை உண்டு. அதற்குப் பதிலாக ஞாயிறுதோறும் கல்லூரிக் காப்பகத்தில் பிள்ளை பார்க்க வேண்டும். ஞாயிறும் வேலைக்குப் போகிற தாய்மார்கள் விட்டுவிட்டுப் போகும் பிள்ளைகள். ஆகவே ஊருக்குப் போக வழியில்லை. போனில் சொன்னேன். "நீ ஒண்ணும் நெனைக்காத தாயி. வந்து வந்து போனா பிள்ள ஏங்கிப் போயிரும். நான் பாத்துக்கிடுதேன்" என்றார்கள் அக்கா.

ஆகஸ்ட் 5, திங்கள்

பதிவேடு கொடுத்துவிட்டார்கள். தடிமனான நீல அட்டை. நர்சரியில் ஆளுக்கொரு பிள்ளை ஒதுக்குவார்கள். அந்த ஒரு பிள்ளையைப் பதினாறு வாரம் விடாமல் கவனித்து எழுத வேண்டும்: உடல், மொழி, பழக்கவழக்கம், மனம். பெயர் எழுதக் கூடாது, 'குழந்தை அ' என்றுதான் எழுத வேண்டும். வாராவாரம் வகுப்பு டீச்சர் கையெழுத்துப் போடுவார். நவம்பர் முப்பதுக்குள் கொடுக்காவிட்டால் பட்டயம் கிடையாது, அடுத்த வருஷத்து ஆட்களோடு மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

ஜெபமலர் தன் பதிவேட்டை இன்று ஒரே மாலையில் நான்கு வாரத்துக்கு எழுதி முடித்துவிட்டாள். பக்கத்தில் அவளுடைய சித்தி மகள் மூன்று வருஷத்துக்கு முன் எழுதிய பதிவேடு. அதுவும் வேறு யாரையோ பார்த்து எழுதியதுதானாம்.

"நம்ம காலேஜ்ல எல்லாப் பதிவேட்டுலயும் இருக்கறது ஒரே பிள்ளதான்க்கா. பதினோரு வருஷமா மூணு வயசுலயே நிக்குது" என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனாலும் நான் காப்பியடிக்க மாட்டேன். நான் பெற்றவள். பிள்ளை எப்படி வளரும் என்று பார்த்து எழுத எனக்கு ஒருத்தியின் பழைய பதிவேடு தேவையில்லை.

என் பிள்ளை ராகவி. மூன்றேகால் வயது. அப்பாவும் அம்மாவும் பக்கத்தில் அடுக்குமாடி கட்டுகிற இடத்தில் சித்தாள் வேலை. மூக்கு எப்போதும் ஒழுகும். நல்ல பிள்ளை.

ஆகஸ்ட் 26, திங்கள்

ராகவி போய்விட்டாள். கட்டட வேலை முடிந்ததும் குடும்பத்தோடு ஓசூர்ப் பக்கம் போய்விட்டார்கள். யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றக் காரணமும் இல்லை.

மூன்று வாரம் எழுதியாகிவிட்டது. வேறு பிள்ளை எடுத்தால் புதிதாகப் பதினாறு வாரம் எழுத வேண்டும், நவம்பரைத் தாண்டிவிடும். அலுவலகத்தில் கேட்டேன். "ரூல்னா ரூல்தாம்மா. அடுத்த பேட்ச்ல குடுங்க" என்றார் எழுத்தர், தலையை நிமிர்த்தாமல்.

அடுத்த பேட்ச் என்றால் இன்னும் ஒரு வருஷம். சஷ்மி இல்லாமல் இன்னும் ஒரு வருஷம் என்னால் முடியாது.

ஜெபமலர் தன் சித்தி மகளின் பதிவேட்டை என் கட்டில் மேல் வைத்துவிட்டுச் சாப்பிடப் போனாள். நான் அதைத் திறக்கவில்லை.

ஆகஸ்ட் 28, புதன்

வழி கிடைத்துவிட்டது. எனக்குத்தான் மூன்று வயதில் ஒரு பிள்ளை இருக்கிறதே! 'குழந்தை அ' யார் என்று எவர் கேட்கப்போகிறார்கள்? பொய் என்று சொல்ல முடியாது. பிள்ளை நிஜம், வயது நிஜம், செய்வதெல்லாம் நிஜம். பார்ப்பது மட்டும் வேறு ஆள்.

அக்காவுக்குப் போன் போட்டேன். "அக்கா, சஷ்மி ஒத்தக்கால்ல நிப்பாளா?"

"ஏன், எதுக்குக் கேக்க?"

"சும்மா சொல்லுங்க. எத்தன எண்ணுற வரைக்கும் நிப்பா?"

போனை வைத்துவிட்டு ஓடிப்போய் நிறுத்திப் பார்த்துவிட்டு வந்தார்கள். மூச்சு வாங்கியது. "பன்னெண்டு!" என்றார்கள், தானே பரீட்சையில் பாஸானதுபோல.

செப்டம்பர் 11, புதன்

ஆறாம் வாரம். குழந்தை அ பெரிய மணிகளை நூலில் கோக்கிறது. ஒன்பது மணி. முடிச்சுப் போடத் தெரியவில்லை. 'எனக்கு', 'உனக்கு' என்ற வித்தியாசம் தெரிகிறது. கோழியை விரட்டுகிறது. சோற்றைத் தானே அள்ளிச் சாப்பிடுகிறது.

தானே சாப்பிடுகிறாளாம். நான் இருந்தவரை ஊட்டினால்தான் வாய் திறப்பாள். அக்கா எப்படிப் பழக்கினார்கள் என்று கேட்க வாய் வந்தது, கேட்கவில்லை.

வகுப்பு டீச்சர் படிக்காமலே கையெழுத்துப் போட்டார். போனில் யாருடனோ பேசிக்கொண்டிருந்தார்.

செப்டம்பர் 22, ஞாயிறு

காப்பகம். பதினேழு பிள்ளைகள். ஒன்று நாள் முழுக்க என் முந்தானையை விடவில்லை. தோளெல்லாம் வலி.

அக்டோபர் 4, வெள்ளி

இப்போதெல்லாம் அக்கா நான் கேட்கும் முன்பே சொல்கிறார்கள். ஒரு தாளில் குறித்து வைத்துக்கொண்டு வாசிக்கிறார்களோ என்னவோ. "நேத்து கலர் அஞ்சு சொன்னா. இன்னைக்கு நிலா ஏன் கூடவே வருதுன்னு கேட்டா. காய்ச்ச மண்டையடி ஒண்ணும் இல்ல. நல்லா வெளாடுதா, நல்லா ஒறங்குதா."

சஷ்மியிடம் போனைக் கொடுக்கச் சொன்னேன். "சாப்ட்டாச்சி" என்றாள். நான் அடுத்த வார்த்தை பேசுவதற்குள் ஓடிவிட்டாள். "வெளாட்டு மும்முரம்" என்று அக்கா சிரித்தார்கள்.

ஒன்பதாம் வாரம், மனவளர்ச்சி: குழந்தை அ அழுவதில்லை. பிடிவாதம் இல்லை. சமத்து.

எத்தனை பேருக்கு இப்படிப் பிள்ளை வாய்க்கும்? காப்பகத்தில் பார்க்கிறேனே, தாய் கேட்டைத் தாண்டியதும் தரையில் புரளுகிற பிள்ளைகளை.

அக்டோபர் 31, வியாழன்

தீபாவளிக்கு ஊருக்கு வந்திருக்கிறேன். சஷ்மி ஓடிவந்து நான் கொண்டுவந்த பையைப் பிடித்தாள். பட்டுப்பாவாடை கணுக்காலுக்கு மேலே நிற்கிறது. அளவு பார்த்து எடுக்கப் பிள்ளை பக்கத்திலா இருந்தது? அக்கா உடனே மடிப்பைப் பிரித்து நீட்டித் தைத்துவிட்டார்கள்.

நாள் முழுக்க நன்றாகச் சிரித்தாள். மத்தாப்பு பிடித்தாள். தூக்கம் வந்ததும் அக்காவிடம் போய்ப் படுத்துக்கொண்டாள். அந்தப் பாயில் படுத்துப் பழக்கம், வேறொன்றுமில்லை. நான் ஐந்து மணி நேரம் பஸ்ஸில் வந்த அலுப்பில் இருந்தேன், எனக்கும் அதுதான் வசதி.

நவம்பர் 1, வெள்ளி

அவள் எழுவதற்கு முன்பே கிளம்பிவிட்டேன். எழுப்பியிருந்தால் அழுதிருப்பாள். அழுதிருப்பாள் என்றுதான் நினைக்கிறேன்.

நவம்பர் 22, வெள்ளி

பதினாறாம் வாரம். முடிந்தது. நானூற்றுப் பன்னிரண்டு குறிப்புகள். கை வீங்கிவிட்டது.

ஜனவரி 10, வெள்ளி

என் பதிவேடு முதலிடம். கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார்கள். 'நேரடிக் கவனிப்பின் சிறந்த மாதிரி' என்று சார்ட் அட்டையில் எழுதி, சுற்றிலும் சரிகைத்தாள் ஒட்டியிருக்கிறார்கள். பிப்ரவரியில் வருகிற ஆய்வுக் குழுவுக்குக் காட்டவாம்.

ஜெபமலர் ஒவ்வொரு பக்கமாகப் போனில் படம் எடுத்துக்கொண்டாள். அடுத்த வருஷம் சேரப்போகும் அத்தை மகளுக்காம். "பழைய பிள்ள சலிச்சுப் போச்சுக்கா. உங்க பிள்ள புதுசா இருக்கு" என்றாள். ஓங்கி ஒன்று வைக்கலாம்போல இருந்தது. பேசாமல் துணி துவைக்கப் போய்விட்டேன்.

பிப்ரவரி 12, புதன்

சகாயராணி மிஸ் கூப்பிட்டார். அறையில் அவரும் நானும் மட்டும். மேசையில் என் பதிவேடு, பக்கத்தில் முறுக்குப் பொட்டலம்.

"உக்காரு. நம்ம நர்சரில கோழி எங்க இருக்கு?"

நான் நாற்காலி நுனியில் உட்கார்ந்தேன்.

"ஆறாவது வாரம், கோழிய விரட்டுது. எட்டாவது வாரம், கோழிக்குத் தவிடு வைக்குது. நாலாவது மாடி வரைக்கும் சிமெண்டுத் தரையா இருக்கற ஸ்கூல்ல கோழி எங்கேருந்து வந்துச்சு? விசாரிச்சேன். உனக்குக் குடுத்த பிள்ள ஆகஸ்ட்லயே போயிருச்சு." முறுக்கை ஒடித்தார், தின்னவில்லை. "இது உன் பிள்ளதானே?"

"ஆமா மிஸ்."

"எங்க இருக்கு?"

சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். திருப்பூரையும் சேர்த்து. பட்டயம் போய்விட்டது என்றே நினைத்தேன்.

அவர் பட்டயத்தைப் பற்றிப் பேசவே இல்லை. "இத ரெண்டு தரம் படிச்சேன். பிள்ள மணி கோக்குது, பாட்டுப் பாடுது, நிலாவக் கேக்குது. நானூத்திச் சொச்சம் குறிப்பு. ஒரு தரம்கூட அழல. ஒரு தரம்கூட அம்மான்னு கேக்கல. பெத்த தாய் எழுதியிருக்க, அது உன் கண்ணுல படலையா?"

"அவ சமத்து மிஸ்."

"மூணு வயசுல சமத்தாவது மண்ணாவது. ஒண்ணு, அது அழுதத அங்க இருக்கறவங்க உங்கிட்ட மறைச்சிருக்காங்க. இல்லன்னா, கேட்டுக் கேட்டுப் பாத்துட்டு அது விட்டிருச்சு. ரெண்டுல எதுன்னு போய்ப் பாரு."

எழுந்தேன். பதிவேட்டை என்ன செய்யப்போகிறார் என்று கேட்டுவிட்டேன். அந்த நேரத்திலும் எனக்கு அந்தக் கேள்விதான் வந்தது. இதை எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன்.

"கையெழுத்துப் போட்டாச்சு. செவ்வாக்கெழமை இன்ஸ்பெக்‌ஷன். காட்டறதுக்கு எனக்கு ஒண்ணாவது வேணும்ல? நாப்பது பதிவேட்டுல உயிரோட ஒரு பிள்ள இருக்கறது இதுல மட்டும்தான். கோழிய மட்டும் அடிச்சிட்டுப் புறான்னு எழுதிக் குடுத்துட்டுப் போ."

அங்கேயே நின்று கோழி வருகிற இடமெல்லாம் அடித்துப் புறா என்று எழுதினேன். பதினொரு இடம்.

பிப்ரவரி 15, சனி

ஞாயிறு வேலைக்கு ஜெபமலரை நிறுத்திவிட்டு ஊருக்கு வந்தேன். வருகிறேன் என்று சொல்லவில்லை.

சஷ்மி வாசலில் தண்ணீர்க் குடத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சொப்பு வைத்து விளையாடிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து பாவாடையைச் சரிசெய்துகொண்டாள். "வாங்க" என்றாள். "உக்காருங்க. தண்ணி குடிக்கீங்களா?" அக்கா நல்ல பழக்கம் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். வீட்டுக்கு வந்தவர்களிடம் அப்படித்தான் பேச வேண்டும்.

பிறகு உள்ளே திரும்பி, "எம்மா, ஆளு வந்துருக்கு" என்று கத்தினாள்.

உள்ளே இருந்து வந்தது வேலுத்தாய் அக்கா.

பிப்ரவரி 16, ஞாயிறு

நேற்று அதற்கு மேல் எழுத முடியவில்லை.

பெரியம்மா எப்போது அம்மா ஆனார்கள் என்று கேட்டேன். அக்கா அடுப்படியில் சுவரைப் பார்த்து நின்றார்கள். மச்சான், அக்காவின் வீட்டுக்காரர், வயலுக்குப் போயிருந்தார்.

"நான் சொல்லிக் குடுக்கல செம்பகம். அந்த மாரியாத்தா சத்தியமா நான் சொல்லிக் குடுக்கல. ஆடி மாசம் பூரா, மூணரை பஸ் சத்தம் கேட்டா ரோட்டுக்கு ஓடிருவா. எறங்குத பொம்பள ஒவ்வொருத்தி மூஞ்சியா பாப்பா. கடைசி ஆளு எறங்கி பஸ்ஸும் போனப்புறம் அழுவா பாரு, தெருவே வந்து நிக்கும். ஆவணில காய்ச்ச. பத்து நாள். ஒம்பேரச் சொல்லித்தான் அனத்துனா."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நீ ஓடி வந்துருவ. வந்தா படிப்பு போச்சு. நீயாவது ஒரு எடத்துல நின்னு நிமிரணும்னு நெனச்சேன். நீயும் கேக்கலயே தாயி. ஒத்தக்கால்ல நிக்காளா, மணி கோக்காளான்னுதான் கேட்ட. அழுதாளான்னு ஒரு நா கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்."

அக்கா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் சொன்னார்கள்.

"பொறவு ஒரு நா பஸ் வந்துச்சு. அவ குஞ்சுகூட வெளாடிக்கிட்டு இருந்தா. நிமிந்துகூட பாக்கல. அன்னைக்கு எனக்குச் சந்தோசமா இருந்துச்சு, செம்பகம். பாவி எனக்குச் சந்தோசமா இருந்துச்சு."

அதற்கு நான் ஒன்று சொன்னேன். பதினான்கு வருஷமாகப் பிள்ளைக்காகக் கோவில் கோவிலாக ஏறி இறங்கிய ஒரு பெண்ணிடம் எதைச் சொல்லக் கூடாதோ அதைச் சொன்னேன். அதை இங்கே எழுத மாட்டேன். அக்கா அடுப்பிலிருந்த சோற்றை வடித்து, சாப்பிட்டுவிட்டுப் போ என்று தட்டு வைத்தார்கள்.

அக்கா கெட்டவளாக இருந்திருக்கலாம். எனக்கு எவ்வளவு சுலபமாக இருந்திருக்கும்!

பிப்ரவரி 18, செவ்வாய்

ஆய்வுக் குழு வந்து போனது. என் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்த அதிகாரி, "எக்ஸலண்ட். இந்த மாதிரி கவனிப்பு இருந்தாத்தான் நல்ல டீச்சர் ஆக முடியும்" என்று என் தோளைத் தட்டினார். போட்டோ எடுத்தார்கள்.

ஏப்ரல் 24, வியாழன்

கடைசித் தேர்வு. மூன்றாவது கேள்வி: தாயிடமிருந்து பிரிந்த குழந்தையிடம் காணப்படும் மாற்றங்களை நிலை வாரியாக விளக்குக. முதலில் அழுகை, பிறகு சோர்வு, பிறகு விலகல். ஒன்றரைப் பக்கம் எழுதினேன். முழு மதிப்பெண் வரும்.

மே 19, திங்கள்

கல்லூரியில் இரண்டாமிடம். நர்சரியில் வேலையும் கிடைத்துவிட்டது. எல்.கே.ஜி. பி பிரிவு. சஷ்மிக்கும் அதே பிரிவில் இடம். பள்ளிக்குப் பின்னால் ஒரு அறையும் சமையலறையும் பிடித்தாயிற்று.

சகாயராணி மிஸ்ஸிடம் சொன்னேன். "அங்கேயே இன்னும் ஒரு வருஷம் விட்டு வை. நீ வாரா வாரம் போய்ப் பழகு. அப்புறம் மெதுவாக் கூட்டிட்டு வா" என்றார். அப்படித்தான் செய்ய வேண்டும் என்று எனக்கும் தெரியும். அதைத்தான் ஒரு வருஷமாகப் படித்தேன்.

அவர் பிள்ளையா போனது? என் பிள்ளை. நான் கூட்டி வருவேன்.

மே 28, புதன்

கூட்டி வந்துவிட்டேன். அக்கா துணிகளை எல்லாம் துவைத்து, இஸ்திரிப் பெட்டி போட்டு, மடித்து வைத்திருந்தார்கள். நான் பிப்ரவரியில் சொன்னதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே போனேன். கேட்கவில்லை. அக்கா பஸ் நிறுத்தத்துக்கு வரவில்லை. வந்தால் பிள்ளை விடமாட்டாள் என்று தெரிந்துதான்.

சாத்தூர் வரை அழுதாள். விருதுநகரில் நிறுத்தினாள். அதற்கப்புறம் திருச்சி வரை ஜன்னலை விட்டு முகத்தைத் திருப்பவில்லை.

மே 30, வெள்ளி

சாப்பிடவில்லை. பால் மட்டும்.

மே 31, சனி

படுக்கையை நனைத்துவிட்டாள். நனைந்த பாயைத் தானே சுருட்டிவைத்துவிட்டு மூலையில் நின்றாள். நான் திட்டவில்லை. திட்டுவேன் என்று எதிர்பார்த்து நிற்கிறாள். என்னை எதுவும் சொல்லிக் கூப்பிடுவதில்லை. வேண்டியது எதுவானாலும் அதன் பக்கத்தில் போய் நின்றுகொள்கிறாள்.

ஜூன் 1, ஞாயிறு

காய்ச்சல். நூற்றொன்று. டாக்டர் பார்த்துவிட்டு உடம்புக்கு ஒன்றும் இல்லை என்றார். வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள் என்று கேட்டார்.

நாளைக்குப் பள்ளி திறக்கிறது. மத்தியானம் போன் போட்டேன். "அக்கா" என்றதற்கு மேல் எனக்கு வரவில்லை.

"எந்தப் பஸ்ல வரணும், சொல்லு" என்றார்கள்.

இரவு ஏழரைக்கு வந்து நின்றார்கள். வீட்டில் கட்டியிருந்த சேலையோடு. கையில் ஒரு பை, பைக்குள் நாலு முட்டை, ஒன்றுகூட உடையவில்லை. சஷ்மி எழுந்து போய் அவர்கள் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அக்கா ஊட்ட ஊட்ட இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டாள். நான் தண்ணீர் எடுத்து வைத்தேன்.

ஜூன் 5, வியாழன்

புதுப் பிள்ளைகளுக்கு ஒரு முறை வைத்திருக்கிறோம். முதல் இரண்டு நாள் தாய் வகுப்புக்குள்ளேயே உட்கார்ந்திருக்கலாம். அடுத்த இரண்டு நாள் வெளியே பெஞ்சில். அதன் பிறகு கேட்டோடு சரி. திங்கள், செவ்வாய் காய்ச்சலோடு போய்விட்டது. நேற்றும் இன்றும் அக்கா என் வகுப்பில் குட்டி நாற்காலியில் குறுகி உட்கார்ந்திருந்தார்கள். தாமதமாகச் சேர்ந்த வேறு சில பிள்ளைகளின் தாய்மார்களும் இருந்தார்கள். அக்காவைப் பார்த்து ஒருத்தி, "உங்க பாப்பா உங்க ஜாடையேதான்" என்றாள். அக்கா பயந்துபோய் என்னைப் பார்த்தார்கள். நான் கரும்பலகையில் பட்டம் வரைந்துகொண்டிருந்தேன்.

வகுப்பில் எல்லாப் பிள்ளைகளும் என்னை மிஸ் என்று கூப்பிடுகின்றன.

ஜூன் 9, திங்கள்

அக்கா வெளியே பெஞ்சில். சஷ்மி பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம் கதவுக்கு ஓடிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். பதினைந்து தரம் போனாள். அக்கா ஒவ்வொரு தரமும் கையை ஆட்டினார்கள்.

ஜூன் 11, புதன்

ஊரில் மச்சானுக்குச் சோறு பொங்க ஆளில்லை. அக்கா எத்தனை நாள்தான் இங்கே இருப்பார்கள்? இன்று காலை பத்து மணி பஸ்ஸுக்குப் போவது என்று முடிவாயிற்று. பிள்ளையிடம் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும், ஏமாற்றிவிட்டுப் போகக் கூடாது என்று நான்தான் எல்லாத் தாய்மார்களுக்கும் கூட்டம் போட்டுச் சொல்லியிருந்தேன். அக்காவால் சொல்ல முடியவில்லை. கேட்டுக்கு வரும் வரை, "சொல்லுதேன், சொல்லுதேன்" என்றவர்கள், கேட்டுக்கு வந்ததும், "நீயே சொல்லீரு தாயி" என்று அழுதுவிட்டார்கள்.

சஷ்மிக்கு அது போதும், புரிந்துவிட்டது. அக்காவின் முந்தானையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். பிடித்த கையைச் சுண்டுவிரலிலிருந்து பிரிக்க வேண்டும். அது எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை, நர்சரி ஆயா சொல்லிக் கொடுத்தது. இந்த ஒரு வாரத்தில் எத்தனையோ பிள்ளைகளுக்குச் செய்துவிட்டேன், கை பழகிவிட்டது. ஒவ்வொரு விரலாகப் பிரித்து, தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டேன். அக்கா திரும்பிப் பார்க்காமல் ஓட்டமும் நடையுமாகப் போனார்கள். சஷ்மி என் தோளுக்கு மேல் கையை நீட்டி, "எம்மா, எம்மா" என்று கத்தினாள். என் கழுத்தில் நகம் பட்டு ரத்தம் வந்தது.

தன் பையனைத் தாமதமாக விட வந்த ஒருவர், ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டே கேட்டார். "புது அட்மிஷனா மிஸ்?"

"ஆமா சார். புதுசு."

"அம்மாவ விட்டு இருந்ததில்ல போல. பாவம்." குனிந்து சஷ்மியின் கன்னத்தைத் தொட்டார். "அழாதடா கண்ணு. அம்மா சாயங்காலம் வந்துருவாங்க."

சஷ்மி அழுகையை நிறுத்தினாள். அவர் சொன்னதை அவள் நம்பவில்லை. தலையைத் தூக்கி என் முகத்தைப் பார்த்தாள். வந்த பதினைந்து நாளில் இன்றுதான் அவள் என் முகத்தை நேராகப் பார்த்தாள், என்னிடம் ஒன்றைக் கேட்டாள்.

"அம்மா வருவாளா மிஸ்?"

"வருவா" என்றேன்.